ராகம் பெயர் தெரியாவிட்டால் என்ன?

கேள்வி: நான் பாட்டு கற்றவன் அல்ல. கச்சேரிக்குப் போனால், ஆலாபனை தொடங்கியதுமே பக்கத்து இருக்கைக்காரர் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். நான் திருதிருவென்று விழிக்கிறேன். 72 மேளகர்த்தா ராகங்களை மனப்பாடம் செய்யத் தொடங்கி, பாதியில் நிற்கிறேன். என்னைப் போன்றவனுக்குக் கர்நாடக சங்கீதம் பிடிபடுமா? நல்ல புத்தகம் உண்டா?

பதில்: பிடிபடும். ஆனால் உங்களுக்கு வேண்டியது சங்கீதமா, பக்கத்து இருக்கைக்காரரை மடக்குவதா?

மனப்பாடம் பாதியில் நின்றது நல்லதாயிற்று. அந்த 72-ல் மோகனம் கிடையாது, ஹிந்தோளம் கிடையாது, பைரவியும் கிடையாது. எல்லாம் ஜன்ய ராகங்கள், அதாவது அந்த 72 தாய் ராகங்களிலிருந்து பிறந்தவை. பட்டியல் முழுவதையும் தலைகீழாக ஒப்பித்தாலும், நாளை மேடையில் மோகனம் வந்தால் மறுபடி விழிப்பீர்கள்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜரின் 'நிதி சால சுகமா' என்று வைத்துக்கொள்வோம். செல்வம் சுகமா, ராமன் சன்னதியில் சேவை சுகமா என்று மனதைக் கேட்கிற பாட்டு. கல்யாணி ராகம், மிஸ்ர சாபு தாளம். நாலைந்து பேர் பாடியதைத் தேடி, அடுத்தடுத்துக் கேளுங்கள். எல்லோரும் ஒன்றுபோலப் பாடுவது எது, பாடுபவர் தம் கற்பனையில் சேர்ப்பது எது என்று மூன்றாமவர் பாடும்போதே பிரிபடத் தொடங்கும். கச்சேரி கேட்கத் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்.

இந்தப் பாட்டில் 'மமதா பந்தன யுத' என்ற சரண வரியில் பெரும்பாலும் நிரவல் செய்வார்கள். சொற்கள் மாறாது. அவை தாளத்தில் விழும் இடமும் அநேகமாக மாறாது. மெட்டு மட்டும் சுற்றுக்குச் சுற்று வேறாகும். வரியின் சொந்த மெட்டு உங்கள் காதில் ஏறியிருந்தால், அவர் எங்கே விலகினார், எவ்வளவு தூரம் போய்த் திரும்பினார் என்பது தெரியும். ஏறாவிட்டால், ஒரே வரியைப் பத்துத் தடவை பாடி நேரத்தைக் கடத்துகிறாரே என்றுதான் தோன்றும். (சில வித்வான்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட.)

கேட்கும்போது கை சும்மா இருக்க வேண்டாம். மிஸ்ர சாபு ஏழு எண்ணிக்கை: தகிட, தகதிமி. மூன்றும் நான்கும். விடாமல் போட்டுக்கொண்டே இருந்தால், கல்பனாஸ்வரத்தை (கற்பனையாக அங்கேயே கோத்துப் பாடும் ஸ்வரங்களை) எங்கெங்கோ சுற்றி அடித்துவிட்டுப் பாடகர் அதே வரியின் எடுப்பில், அதாவது வரி தொடங்கும் இடத்தில், பிசகாமல் வந்து இறங்குவது உங்கள் கையிலேயே தெரியும்.

தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் எழுந்து போகிறவர் என்றால், இனி போகாதீர்கள். ராக ஞானமே தேவைப்படாத பகுதி அது. கடைசியில் மிருதங்கக்காரர் ஒரு கோர்வையை (கணக்காகக் கட்டிய முடிவுச் சொற்கட்டை) மூன்று முறை வாசித்து, பாட்டின் எடுப்பில் கொண்டு சேர்ப்பார். முதல் முறை கவனித்துக்கொண்டால், மூன்றாவது எங்கே முடியும் என்று முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

ராகமா? மெதுவாக வரட்டும். கல்யாணி பழகியபின் சங்கராபரணத்தில் ஒரு பாட்டைக் கேளுங்கள். ஸ்வரக் கணக்கில் இரண்டுக்கும் மத்யமம், அதாவது 'ம' என்ற ஸ்வரம், ஒன்றில்தான் வித்தியாசம். காதுக்கோ இரண்டும் வேறு வேறு ஆட்கள். பெயரைப் பக்கத்து இருக்கைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லத்தானே அவர் காத்திருக்கிறார்!

புத்தகம் என்றால், சாகித்தியமும் (பாட்டின் வரிகளும்) பொருளும் அச்சிட்ட ஒரு கீர்த்தனைத் தொகுப்பு போதும். அதையும் வீட்டிலேயே படித்துவிட்டு வாருங்கள். ஆலாபனை நடுவே பக்கம் புரட்டுகிற சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்கும்.