ஆங்கிலத்தில் காய் எது, பழம் எது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பழக்கடை வைத்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், சார்ட்டில் உள்ள முப்பது பழங்களின் ஆங்கிலப் பெயரையும் மடமடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் பாபநாசம் போகிற வழியில் வண்டியை நிறுத்திய வெளிமாநிலத்தார் ஒருவர் ஆங்கிலத்தில் விசாரித்ததும் வாயே திறக்கவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எலுமிச்சை லெமனா, லைமா?

பதில்: முதலில் அந்த சார்ட்டைச் சுருட்டி வையுங்கள் அம்மா. கடையில் வளர்கிற பிள்ளைக்குப் படம் எதற்கு? பழமே கை எட்டும் தூரத்தில் இருக்கிறதே.

நான் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பழத்தின் பெயர் தெரியாமல் திணறிய பிள்ளைகள் குறைவு. பெயரைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்னும் பின்னும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றவர்கள்தான் அதிகம். காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. மாவடு, மாங்காய், மாம்பழம் என்று நாம் பெயரிலேயே பக்குவத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மேங்கோதான். பிஞ்சா, காயா, பழமா என்பதைத் தனிச் சொல்லாக முன்னால் வைக்க வேண்டும். பழுத்தது ‘ரைப் மேங்கோ’. காய் ‘அன்ரைப்’ அல்லது ‘கிரீன் மேங்கோ’. நம் நாட்டில் ‘ரா மேங்கோ’ என்பதும் சகஜம். மாவடுவை ‘டெண்டர் மேங்கோ’ எனலாம். கனிந்து குழைந்துபோனது ‘ஓவர்ரைப்’.

மாம்பழம் என்பதை அப்படியே மாற்றி ‘மேங்கோ ஃப்ரூட்’, ‘ஆப்பிள் ஃப்ரூட்’ என்று பிள்ளைகள் எழுதுவதும் இதனால்தான். ஃப்ரூட் சேர்க்க வேண்டாம், மேங்கோ என்றாலே போதும். ஜாக்ஃப்ரூட், டிராகன் ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட் போன்றவற்றில் மட்டும் அந்தச் சொல் பெயரின் பாகமாகவே இருக்கிறது, அதை விடக்கூடாது.

அதனால் சாயங்காலம் மகள் கடைக்கு வரும்போது ஒரே பழத்தில் இரண்டை எடுத்து அவள் கையில் கொடுங்கள். ஒரு கையில் கல் மாதிரி இருக்கும் கொய்யா, இன்னொன்றில் விரல் பட்டால் பதிகிற கொய்யா. அமுக்கிப் பார்த்துச் சொல்லட்டும்: ‘திஸ் குவாவா இஸ் ஹார்ட். தட் குவாவா இஸ் சாஃப்ட் அண்ட் ரைப்.’ அப்புறம் வாங்க வருகிறவருக்குச் சொல்வதுபோல, ‘ஈட் திஸ் ஒன் டுடே. தட் ஒன் நீட்ஸ் டூ டேஸ்.’ நீங்கள் தமிழில் நாள் முழுக்கச் சொல்வது இதைத்தானே! ஒரு நாளைக்கு இரண்டு பழம் போதும்.

வாழைக்கு மட்டும் ஒரு சாயங்காலத்தைத் தனியாக ஒதுக்குங்கள். களக்காட்டு ஏத்தன் தார் இறங்குகிற நாளாகப் பார்த்துக்கொண்டால் நல்லது. தார் ஆங்கிலத்தில் ‘பஞ்ச்’. அதிலிருந்து அறுத்த சீப்பு ‘ஹேண்ட்’, அதாவது கை. சீப்பில் இருக்கும் ஒரு பழம் ‘ஃபிங்கர்’. மகளை உள்ளங்கையை விரித்து சீப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்குத் தலைவாரும் சீப்பாகத் தெரிந்தது அவர்களுக்கு விரல்களாகத் தெரிந்திருக்கிறது. இதை ஒரு தடவை பார்த்த பிள்ளை மறக்கவே மறக்காது. ‘பிளாண்டெய்ன்’ என்ற சொல்லை நம் ஊரில் எல்லா வாழைக்கும் சொல்வதுண்டு. வெளிநாட்டில் அது பெரும்பாலும் சமைக்கிற வாழை. உரித்துத் தின்கிற பழம் பனானா.

அவளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள், கூச்சம் போய்விடும். மேங்கோ என்பது நம் மாங்காய்தான். மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் காதில் விழுந்து, அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. செங்கோட்டைப் பக்கத்தில் பலாவைச் சக்கை என்பார்கள் இல்லையா? அந்தச் சக்கைதான் போர்த்துக்கீசியர் வாயில் ‘ஜாக்கா’வாகி, ஜாக்ஃப்ரூட்டில் ‘ஜாக்’ ஆகியிருக்கிறது. அன்னாசி மட்டும் எதிர்த்திசை. அது போர்த்துக்கீசியர் நமக்குக் கொண்டுவந்த பெயர். ஆங்கிலேயரோ அதன் செதில் தோலைப் பார்த்து பைன் மரக் காயின் பெயரை வைத்து பைனாப்பிள் என்றார்கள்.

ஆப்பிளே இல்லாத பழத்துக்கெல்லாம் ஏன் ஆப்பிள் என்று அவள் கண்டிப்பாகக் கேட்பாள். சீத்தாப்பழம் கஸ்டர்ட் ஆப்பிள், விளாம்பழம் வுட் ஆப்பிள், திசையன்விளைப் பக்கத்துக் கொல்லாம்பழம் கேஷ்யூ ஆப்பிள், நுங்கு ஐஸ் ஆப்பிள். பழைய ஆங்கிலத்தில் ஆப்பிள் என்பது பொதுவாகப் பழத்தையே குறிக்கும். ஆனால் ஐஸ் ஆப்பிள் நம் நாட்டு வழக்கு. வெளிநாட்டாருக்குப் புரியாவிட்டால் ‘தி சாஃப்ட் சீட் ஆஃப் தி பால்மைரா பாம்’ என்று சொல்லி ஒரு சுளையை எடுத்து நீட்டினால் போதும். வடநாட்டாருக்கு நாவலை ஜாமுன் என்றும் நெல்லிக்காயை ஆம்லா என்றும் சொன்னாலே புரியும். வெறும் கூஸ்பெரி என்றால் இங்கிலாந்துக்காரர் அவர்கள் ஊர்ப் பழம் ஒன்றை நினைத்துக்கொள்வார், அது வேறு செடி. ‘இண்டியன் கூஸ்பெரி’ என்பதே சரி.

எலுமிச்சைக்கு வருவோம். புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏறுகிறதே, சிறிதாக, உருண்டையாக, மெல்லிய தோலோடு, அது லைம். லெமன் என்பது அதைவிடப் பெரிது, தோல் தடிப்பு, முனை கூர்மையாக நீண்டிருக்கும். நம் நாட்டில் எல்லோரும் லெமன் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், அதனால் கடையில் லெமன் என்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பள்ளிப் பாடத்தில் லெமன் என்று இருந்தால் தேர்வில் அதையே எழுதட்டும். வெளிநாட்டார் கேட்டால் லைம் என்று சொல்லச் சொல்லுங்கள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்புக்கும் லைம் என்ற அதே சொல், அதே எழுத்துதான். பழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உச்சரிப்பில் பேரிக்காயை மட்டும் கவனியுங்கள். எழுத்தைப் பார்த்து ‘பியர்’ என்று வாசிக்கிறார்கள், கேட்பவர் காதில் அது வேறு சரக்காக விழும். கரடியைக் குறிக்கும் ‘பேர்’ எப்படி ஒலிக்குமோ, கிட்டத்தட்ட அதே ஒலிதான், முதல் எழுத்தை மட்டும் வல்லினமாக, உதட்டை அழுத்திச் சொல்ல வேண்டும்.