படத்தில் ஏழு வால்வு, பைப்பில் எட்டு

கேள்வி: கெமிக்கல் டிப்ளமோ முடித்து, மணலியில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். ஷிப்ட் இன்சார்ஜ் நாற்பது தாள் 'பி அண்ட் ஐடி' (பைப்பும் கருவிகளும் காட்டும் பிளாண்ட் வரைபடம்) கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஒரே வட்டமும் கோடுமாக இருக்கிறது. படத்தில் பக்கத்து பக்கத்தில் உள்ள பம்ப்பும் டேங்கும் பிளாண்டில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. எங்கே தொடங்குவது சார்?
– வாசகர், எண்ணூர்

பதில்: தம்பி, தூரம் பார்ப்பதற்கான படம் இல்லை இது. எதிலிருந்து எது எங்கே போகிறது, நடுவில் என்னென்ன உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் இதில் கிடைக்கும். முதலில் லெஜண்ட் ஷீட்டை, அதாவது எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லும் தாளை, எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி குறியீடு கொஞ்சம் மாறும்.

அடுத்து ஒரே ஒரு டேங்க், அதன் பம்ப். மற்ற தாள்களை மூடி வையுங்கள்.

வட்டத்துக்குள் முதல் எழுத்து, எதை அளக்கிறோம் என்பது. எஃப் ஃப்ளோ, எல் லெவல், பி பிரஷர், டி டெம்பரேச்சர். பின்னால் வருவது அந்தக் கருவியின் வேலை. எல்டி–101 மட்டத்தை அளந்து அனுப்பும், எல்ஐசி–101 காட்டும், கட்டுப்படுத்தும், எல்வி–101 அதன் சொல் கேட்டுத் திறந்து மூடும். மூன்றுக்கும் ஒரே எண் என்றால் மூன்றும் ஒரே குடும்பம். வட்டத்தின் குறுக்கே கோடு இருந்தால் கண்ட்ரோல் ரூமில் இருக்கிறது, கோடு இல்லையென்றால் பிளாண்டில், கைக்கெட்டும் இடத்தில்.

கண்ட்ரோல் வால்வுக்குக் கீழே 'எஃப்சி', 'எஃப்ஓ' என்று பொடியாக எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதை ஃப்ளோ கண்ட்ரோலர் என்று படித்துவிடுவார்கள். வட்டத்துக்குள் இருந்தால்தான் அது. வால்வுக்குக் கீழே வந்தால், இன்ஸ்ட்ருமென்ட் ஏர், அதாவது வால்வை இயக்கும் காற்று, போய்விட்டால் வால்வு மூடிக்கொள்ளுமா (எஃப்சி), திறந்துகொள்ளுமா (எஃப்ஓ) என்பது. ஃபர்னஸுக்குப் போகும் எரிவாயு மூட வேண்டும். ரியாக்டரைக் குளிர்விக்கும் தண்ணீர் திறந்தே இருக்க வேண்டும். எந்தத் தாளைப் பிரித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டெழுத்தைத்தான். ஏர் போன ராத்திரியில் தாளைப் புரட்ட நேரம் இருக்காது.

இனி, தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு லைனோடு நடங்கள். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு சீனியர் ஆபரேட்டர் அண்ணன் என்னை கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து வரும் சுடுநீர்) பம்ப்புக்குக் கூட்டிப்போய், "படத்துல எத்தனை வால்வு?" என்றார். ஏழு என்றேன். "பைப்பில எண்ணு." எட்டு. இன்சுலேஷனுக்கு அடியில் ஒரு முக்கால் இன்ச் டிரெயின் வால்வு, முனையில் பிளக் கூட இல்லை. ஏதோ ஒரு ஷட்டவுனில் யாரோ வெல்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாராவது அதைத் தெரியாமல் திருப்பியிருந்தால் கொதிநீர் நேராகக் காலில்தான். அன்றே சிவப்புப் பென்சிலால் தாளில் வரைந்து, பிளக் போட்டு, டிராயிங் ஆபீசுக்கு அனுப்பினோம். சரியாக இருப்பதை மஞ்சளில் பூசு, மாறியிருப்பதைச் சிவப்பில் வரை என்று அண்ணன் சொல்லிக் கொடுத்ததை இன்றுவரை மாற்றவில்லை.

படத்தில் ஏறாத மாற்றம் என்றால் எனக்கு இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலைதான் நினைவுக்கு வரும். அங்கே விரிசல் விட்ட ஐந்தாவது ரியாக்டரைக் கழற்றிவிட்டு, நாலாவதையும் ஆறாவதையும் 20 இன்ச் தற்காலிகப் பைப்பால் இணைத்தார்கள். ரியாக்டர்களின் வாயோ 28 இன்ச். அந்தப் பைப்புக்கு இருந்த ஒரே வரைபடம், ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் போட்டது. 1974 ஜூன் 1 அன்று அந்த இணைப்பு பிய்ந்து, சைக்ளோஹெக்சேன் ஆவி தீப்பிடித்து வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள்.

உங்கள் ஊர் டேங்குக்கு வருவோம். நாளை ஷிப்டுக்கு அரைமணி முன்னதாகப் போங்கள். இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு, எதையும் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்த்து எண்ணுங்கள். தாளில் எத்தனை, பைப்பில் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.