29 வயதில் முடிந்துவிட்டதா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஹாக்கி பழகுகிறாள். இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் முன்னாள் கேப்டன் ராணி ராம்பால் என்றால் உயிர். அந்த ராணியே 29 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். இதை நம்பி ஒரு பெண்பிள்ளையை விடலாமா? பத்தாம் வகுப்புக்குள் நிறுத்திவிடச் சொல்கிறார் என் மாமியார்.
– ஒரு வாசகி, அயனாவரம்

பதில்: அவர் விட்டுப் போன வயதைச் சொன்னீர்கள், வந்து சேர்ந்த வயதைச் சொல்லவில்லையே! 2008-இல் இந்திய அணிக்கு ஆட வந்தபோது ராணிக்கு 14 வயது. உங்கள் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. 2024-இல் விடைபெறும்போது 250 ஆட்டங்களைத் தாண்டியிருந்தார்.

ஹரியானாவின் ஷாஹாபாதில், அப்பா வண்டி இழுத்துப் பிழைத்த வீடு அவருடையது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தினமும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும். வீட்டில் வாங்க முடிந்தது 200 மில்லி. மிச்சத்துக்குத் தண்ணீர் கலந்து, யாரிடமும் சொல்லாமல் குடித்ததை ராணியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடம்பில் சத்து இல்லை என்று பயிற்சியாளர் முதலில் சேர்க்கவே மறுத்த பெண் அவர்.

2019 நவம்பர், புவனேஸ்வர். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று. அமெரிக்காவை முதல் நாள் 5-1 என்று வென்றாகிவிட்டது. மறுநாள் இடைவேளைக்குள் அமெரிக்கா நான்கு கோல் போட்டது. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு; கூட்டிப் பார்த்தால் சரிசமம். கடைசிக் கால்பகுதியில் கேப்டன் ராணி அடித்த ஒரே கோல்தான் 6-5 என்று இந்தியாவைக் கரைசேர்த்தது. அது விழாமல் போயிருந்தால், டோக்கியோவில் ஆஸ்திரேலியாவைக் கால் இறுதியில் சாய்த்ததும், நான்காம் இடம் பிடித்ததும் நடந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஓய்வுக்குப் பின் அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவும் இல்லை. பெண்கள் ஹாக்கி லீகில் சூர்மா அணிக்கு வழிகாட்டியாக, பயிற்சியாளராகப் போனார்.

சரி, எல்லோரும் ராணி ஆகிவிட முடியுமா என்பீர்கள். முடியாதுதான். உங்கள் மாமியாரின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்த ஹாக்கிப் பெண்கள் ஏராளம். ராணியும் முதலில் ரயில்வே வேலையில் இருந்தவர்தான். தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டுக்கென்று தனி இடம் உண்டு.

என்னைக் கேட்டால், நம் ஊரில் பெண்ணின் ஹாக்கி முடிவது 29 வயதில் இல்லை; பத்தாம் வகுப்பில் நாம்தான் முடித்துவைக்கிறோம். தண்ணீர் அடித்த செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். அதை ஓடியபடியே மட்டையில் நிறுத்தித் திருப்புவதற்குக் கைக்கு வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும். தேர்வு முடியட்டும் என்று இரண்டு வருஷம் வெளியே வைத்த பிள்ளை திரும்பி வரும்போது, கூட ஆடியவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள். தேர்வு நேரத்தில் பயிற்சி நாட்களைக் குறையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடியோடு நிறுத்தாதீர்கள்.

அப்புறம், எனக்கு மனம் பொறுக்காத ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் முதன்முதலாகத் தொடங்கியது. டெல்லி, ஒடிசா, பஞ்சாப், வங்கம் என்று நான்கு அணிகள். தமிழ்நாடு பெயரில் ஆண்கள் அணி இருந்தது, பெண்கள் அணி இல்லை. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் பாஸ்கரனைத் தந்த ஊர் இது. எழும்பூரில் சர்வதேசப் போட்டி நடத்தும் அளவுக்கு மைதானம் வைத்திருக்கிறோம். நம் பெண்களுக்கு ஓர் அணி திரட்ட முடியாதா? உங்கள் மகளுக்கு எதிர்காலம் உண்டா என்று என்னைக் கேட்டதை, மாநில ஹாக்கி சங்கத்துக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் அப்படியே எழுதிப் போடுங்கள். மைதானத்தில் காத்திருக்கும் மற்ற அம்மாக்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி எங்களுக்கு அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.