பீரோ சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்தவர். நாலு மாதமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றார். ஒருநாள் கொல்லைப்புறத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் அயோர்டிக் வால்வு ரொம்பச் சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார்கள். ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை இருக்கட்டும் என்று கோவைக்கு என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. சென்னையில் இருக்கும் அண்ணன், "சின்ன ஆபரேஷன்னு மட்டும் சொல்லு, பயந்துடுவாங்க" என்கிறார். சொந்தக்காரர்கள் "இந்த வயசுல நெஞ்சைப் பிளக்கணுமா?" என்கிறார்கள். அம்மாவோ வாயைத் திறந்தால் பீரோ சாவி, நகை யாருக்கு, தனக்கு எந்தப் புடவை என்று ஆரம்பிக்கிறார். நான் அடக்கிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்துபோய் அம்மா மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன். இந்த ஐந்து வாரத்தை எப்படிக் கடப்பது?
— பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்.

பதில்: பீரோ சாவியிலிருந்தே தொடங்குகிறேன்.

அடுத்த முறை அம்மா அந்தப் பேச்சை எடுத்தால் "அபசகுனமா பேசாதம்மா" என்று சொல்லாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சாவி எங்கே இருக்கிறது, அடகுச் சீட்டு ஏதாவது பாக்கியா, போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டில் யார் பெயர் போட்டிருக்கிறது, குத்தகைக்காரர் எவ்வளவு தர வேண்டும், எந்தப் புடவை, எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்களுக்குக் கண் கலங்கும், கலங்கட்டும். வெளியூர் கிளம்பும்போது அடுப்பை அணைத்தோமா, கொல்லைக் கதவைத் தாழ் போட்டோமா என்று பார்த்துப் பார்த்தே வாழ்ந்த மனுஷி அவர். இத்தனை பெரிய காரியத்துக்குக் கிளம்பும்போது மட்டும் பார்க்காமல் எப்படிப் போவார்? நீங்கள் வாயை அடைத்தால் பேச்சு நிற்குமே தவிர நினைப்பு நிற்காது. ராத்திரி நீங்கள் எட்டிப் பார்க்கிறீர்களே, அப்போது அவர் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது என்ன நிச்சயம்?

அண்ணன் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. என் அப்பாவுக்கு வால்வு மாற்றியபோது நாங்களும் "சின்ன ஆபரேஷன், குழாய் விட்டுச் சரிபண்ணிடுவாங்க" என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு முடியை மழிக்க ஆள் வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. எங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று ராத்திரி யாரோடும் பேசவில்லை. அவர் நல்லபடியாகப் பிழைத்து வந்து பல வருஷம் இருந்தார் என்பது வேறு. அந்த ஒரு ராத்திரியை எங்களால் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை.

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். அம்மா டெல்டாக்காரர், பம்புசெட் பார்த்து வளர்ந்தவர். கேட் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்துவைத்து மோட்டாரை ஓட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். குழாய்க்குள் அழுத்தம் ஏறும், வாய்க்காலில் தண்ணீர் குறையும். நெஞ்சிலும் அதே கதைதான். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல் கதவுதான் அயோர்டிக் வால்வு. அது நன்றாக இருக்கும்போது அதன் வாய் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். சுண்ணாம்பு படிந்து இறுகி, 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் கடுமையான சுருக்கம் என்பார்கள். எக்கோ ரிப்போர்ட்டில் அந்த எண் இருக்கும், பாருங்கள். அந்தச் சின்ன வழியாகத் தள்ளித் தள்ளித்தான் இதயத்துக்குத் தசை தடித்துப்போகிறது, மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது. படிந்த சுண்ணாம்பைக் கரைக்க மாத்திரை கிடையாது. மருதம்பட்டைக் கஷாயமும் பூண்டுப் பாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதுவும் கரைக்காது. கஷாயம் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மற்ற மருந்துகளோடு சேருமா என்று அவர் பார்க்க வேண்டும்.

"இந்த வயசுல எதுக்கு" என்று கேட்கும் சொந்தங்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இந்தச் சுருக்கத்தில் மூச்சுத் திணறலும் மயக்கமும் வர ஆரம்பித்த பிறகு வால்வை மாற்றாமல் விட்டால், பெரும்பாலானவர்களுக்குச் சில வருஷம்தான். அதுவும் கட்டிலும் நாற்காலியுமாகப் போகும். உங்களால் இதையெல்லாம் ஃபோனில் விவாதிக்க முடியாது, தேவையும் இல்லை. "டாக்டரும் அம்மாவும் பேசி முடிவு பண்ணிட்டாங்க பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அப்படிச் சொல்ல முடிவதற்காகவாவது, முடிவு உண்மையிலேயே அம்மாவுடையதாக இருக்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் ராத்திரி பார்ப்பதைவிடப் பகலில் பார்க்க வேண்டியவை அதிகம். வயதானவர்கள் மூச்சுத் திணறலைச் சொல்ல மாட்டார்கள். அவர்களே அறியாமல் நடையைக் குறைத்துக்கொள்வார்கள். "இப்ப மூச்சு வாங்கறதே இல்லையே" என்பார் அம்மா. மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்தியிருப்பார், எப்படி வாங்கும்? கேட்காதீர்கள், கவனியுங்கள். பாத்ரூமிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்து எத்தனை முறை நிற்கிறார்? போன வாரம் ஒரு தலையணை, இந்த வாரம் இரண்டா? படுக்காமல் உட்கார்ந்தபடியே தூங்குகிறாரா? கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? தினமும் காலையில் பாத்ரூம் போய் வந்ததும், காப்பிக்கு முன்னால், ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது சோற்றில் வந்த எடை கிடையாது, உடம்பில் தண்ணீர் சேர்கிறது. அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, படுக்கவே முடியாமல் மூச்சு முட்டினாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், 108தான். காய்ச்சல் வந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காமல் டாக்டரிடம் போங்கள். பழுதான வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு, முன்கூட்டியே போட்ட ஆன்டிபயாடிக் இடைஞ்சல்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு திருட்டுத்தனம் நடக்கும். நீர் மாத்திரையை, வெளியே போகும் நாளில் "வழியில எங்க போறது" என்று அம்மா நைசாகத் தவிர்ப்பார். திட்டாதீர்கள். திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு ஒரு நேரம் வாங்கி வாருங்கள். இன்னொன்று மூட்டுவலி மாத்திரை. புடவைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வலி மாத்திரைகளில் பல உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் படுத்தும். கேட்காமல் கூடாது. நெஞ்சு அடைக்கிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையோடு ஓடி வருவார். நல்ல மனசுதான். ஆனால் வால்வு இப்படிச் சுருங்கியிருப்பவருக்கு அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடக்கூடும். உங்கள் டாக்டர் சொல்லாமல் வைக்க விடாதீர்கள்.

பல்! இதை யாரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்காரலாம் என்பதால், பல் டாக்டரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டு வரச் சொல்வார்கள். என் அப்பாவுக்கு உடைந்த பல்லின் வேர் ஒன்று ஈறுக்குள் கிடந்தது. அட்மிட் ஆகப் போன அன்றுதான் அதைக் கண்டுபிடித்தார்கள், ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அம்மா வெற்றிலை போடுபவரென்றால் இந்த வாரமே போய் வந்துவிடுங்கள். பல் டாக்டரிடம் உட்காரும் முன்பே வால்வு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

சரி, சமையலறைக்கு வருவோம். டாக்டர் என்னென்ன கூடாது என்று சொன்னார்? பாரம் தூக்குவது, மாடி ஏறுவது, மூச்சு வாங்கும்படி எதையும் செய்வது. இவ்வளவுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வது இந்தப் பட்டியலில் இருக்காது. நீங்கள் வேலைக்குப் போன பிறகு, அறிமுகமில்லாத ஊரில், டிவியையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷிக்குச் சாவைத் தவிர வேறென்ன நினைப்பு வரும்? கீரை ஆயட்டும், பூண்டு உரிக்கட்டும், குழம்புக்குப் புளி எவ்வளவு என்று உங்களை அதட்டட்டும். உப்பு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு நாலையும் வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். அம்மா மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர்கள் சாப்பிடுவது நியாயமில்லை. பகலில் வீட்டோடு இருக்க ஓர் ஆள் வேண்டும். மயக்கம் வரும் உடம்பு, தனியாகக் குளிக்கப் போனால் கதவை உள்ளே தாழ் போட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவையும் உள்ளே உட்காரவைத்துப் பேசுங்கள். வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்க் கேட்டு வருவது வேண்டாம். எந்த வால்வு என்பது முக்கியமான கேள்வி. உலோக வால்வு நெடுநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க அடிக்கடி ஐஎன்ஆர் பரிசோதனை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்டில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்களே, சித்ரா வால்வு, அது இந்த வகை. மாடு, பன்றி திசுவில் செய்த வால்வு பத்துப் பதினைந்து வருஷம் தாங்கும், பெரும்பாலும் ஆயுசுக்கும் அந்த மாத்திரை தேவைப்படாது. அம்மாவின் வயதில் இதைத்தான் அதிகமும் வைக்கிறார்கள். மாடு என்றால் அம்மா முகம் சுளிப்பாரா? முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வை வைக்கும் டாவி முறையும் இருக்கிறது, 2002-ல் பிரான்ஸில் தொடங்கியது. செலவு அதிகம், எல்லோருடைய வால்வுக்கும் பொருந்தாது. ஆனாலும் "எங்கம்மாவுக்கு அது சரிவருமா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. பணத்தைப் பொறுத்தவரை, அம்மாவுக்கு ஊரில் தனி ரேஷன் கார்டும் 1,20,000 ரூபாய்க்கு மிகாத ஆண்டு வருமானமும் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வழி இருக்கிறதா, இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் இப்போதே விசாரியுங்கள். முன் ஒப்புதல் வாங்க நாள் பிடிக்கும்.

இதில் பாதியை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். யோசனை சொல்வதற்கென்று ஓர் அண்ணன் எல்லா வீட்டிலும் உண்டு. காப்பீடு, ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்வது, ஐசியூ வாசலில் ராத்திரி இருப்பது, மூன்றும் அவர் வேலை. தேதி போட்டு எழுதி அனுப்புங்கள். உங்களுக்கும் தூக்கம் வேண்டும். அம்மா கட்டிலில் ஒரு பூஜை மணியை வைத்து, கூப்பிட வேண்டுமென்றால் ஆட்டச் சொல்லுங்கள். எட்டிப் பார்ப்பது அப்படியும் நிற்காது, ஒரு முறையாகக் குறையும்.

கடைசியாக, ஆஸ்பத்திரிப் பை. ஐசியூவில் பகலும் ராத்திரியும் ஒரே வெளிச்சம். அப்பாவுக்கு இரண்டாம் நாள் புத்தி கலங்கிவிட்டது. ரயிலில் போவதாக நினைத்துக்கொண்டு, விழுப்புரம் வந்தாச்சா என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். வயதானவர்களுக்கு இது நடக்கக்கூடியதுதான், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் அவர் கண்ணாடி எங்கள் பையில், எங்கள் மடியில் இருந்தது. அதைப் போட்டுவிட்ட பிறகுதான் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரமே அவருக்குத் தெரிந்தது. அம்மாவின் கண்ணாடிக் கூட்டில் பெயர் எழுதி ஒட்டுங்கள், காது மெஷின் இருந்தால் அதற்கும். உள்ளே போகும் முன் நர்ஸ் கையில் கொடுத்து, நினைவு வந்ததும் போட்டுவிடச் சொல்லுங்கள். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி இரண்டு வேண்டும், நெஞ்செலும்பு கூடும்வரை கையைத் தூக்கித் தலைவழியாக மாட்ட முடியாது. நைட்டி வாங்கப் போகும்போது டாக்டர் அனுமதித்தால் அம்மாவையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். நிறம் அவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும்.