சாவி திரும்ப மறுக்கிறதா? பூட்டை மாற்றச் சம்மதிக்குமுன் பீரோவைத் திறங்கள்

கேள்வி: பதினோரு வருடமாக ஓடும் கார் என்னுடையது. இரண்டு மாதங்களாக இக்னிஷனில் சாவி லேசில் திரும்புவதில்லை. ஆட்டி அசைத்து, வெளியே எடுத்து மறுபடி போட்டால் ஐந்தாறு முயற்சிகளில் திரும்பிவிடுகிறது. மெஷின் எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு முன்னைவிட மோசம். இக்னிஷன், கதவு, டிக்கி என்று பூட்டுகளை முழு செட்டாக மாற்ற வேண்டும், கூடவே என்ஜின் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். உண்மையா?

பதில்: பூட்டைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், இரண்டாவது சாவியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கார் புதிதாக வந்தபோது இரண்டு சாவிகள் வந்திருக்கும். ஒன்று பதினோரு வருடமாக உங்கள் சட்டைப்பையில் உழைக்கிறது. மற்றது பீரோவில் உறங்குகிறது. அதைத் தேடி எடுத்து, நாளைக் காலை அதைப் போட்டு வண்டியைக் கிளப்பிப் பாருங்கள். மறுபேச்சில்லாமல் திரும்பினால் தேய்ந்திருப்பது பெரும்பாலும் சாவிதான்.

இரண்டு சாவிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். பீரோவிலிருந்து வந்ததன் மேடுகள் விளிம்போடு கூராக நிற்கும். உங்களுடையது பாதி சப்பிய மிட்டாய்போல மழுங்கியிருக்கும். பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி உள்ளே போனதும் அதன் மேடுபள்ளங்கள் எல்லாத் தகடுகளையும் உருளையின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு தகடு மயிரிழை அளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் உருளை சுழலாது. தினமும் காலையில் சாவியை ஆட்டி நீங்கள் கெஞ்சுவது அந்த ஒற்றைத் தகட்டிடம்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாவி தேய்ந்துவிட்டது என்று தெரிந்ததும், அந்தத் தேய்ந்த சாவியையே கொடுத்து டூப்ளிகேட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அறுக்கும் இயந்திரத்துக்கு என்ன தெரியும்? கொடுத்த சாவியின் மேடுபள்ளத்தைத் தடவிக்கொண்டே போகும். தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுக்கும். தன் பங்குக்குச் சிறு பிழையும் சேர்க்கும். நகலின் நகலிலிருந்து எடுத்த நகலோடு என்னிடம் வந்து, 'புதுச் சாவி, அதுவும் திரும்பவில்லை, ஆகவே பூட்டுதான் கெட்டது' என்று வாதாடியவர்கள் அநேகம். சாவியை அதன் குறியீட்டு எண்ணைப் பார்த்து அறுக்க வேண்டும். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. பல கார்களில் அது சாவிகளோடு கட்டித்தந்த சிறு உலோக வில்லையில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு அறுத்தால், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த அளவு அப்படியே திரும்பக் கிடைக்கும். வில்லை தொலைந்துவிட்டதென்றால் பீரோச் சாவியிலிருந்து நகல் எடுங்கள். வண்டி உங்கள் பெயரில் இருந்தும், சொந்தக் காரின் சாவி எண்ணைக் கேட்டால் திருடனை விசாரிப்பதுபோல் விசாரிக்கும் ஷோரூம் கவுண்டர்கள் உண்டு. திருட்டைத் தடுக்கிறார்களாம். திருடன் எந்தக் கவுண்டரில் படிவம் பூர்த்தி செய்தான் என்று எனக்கு இதுவரை விளங்கியதில்லை.

பீரோச் சாவியும் மறுத்தால், அந்த நிமிடமே ஸ்டியரிங்கைக் கவனியுங்கள். சாவியை எடுத்தபின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு இரும்பு நாக்கு நீண்டு அதன் தண்டில் உள்ள பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். சக்கரம் ஏதாவது தடுப்பில் முட்டி நின்றிருந்தால் மொத்த அழுத்தமும் அந்த நாக்கின் மேல்தான். சாவி எப்படித் திரும்பும்? ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சுவர்போல நிற்கும், மறுபக்கம் சிறிது இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, சாவியை இரண்டு விரல்களால் மட்டும் திருப்புங்கள். குறடு கொண்டு சாவியைத் திருகுகிறவர்கள், பாதிச் சாவி உள்ளே, பாதி கையில் என்று வந்து நிற்கிறார்கள். ஒடிந்த துண்டை வெளியே இருக்கும் பாதியால் தள்ளிப் பார்ப்பதும், பசை தடவி இழுத்துப் பார்ப்பதும் என் தொழிலுக்கு நல்லது, உங்களுக்கு அல்ல.

எண்ணெய் விட்டதைப் பற்றி: முதல் வாரம் வழுக்கியது, இரண்டாம் வாரம் தூசியைப் பிடித்தது. பித்தளைத் துகளும் சட்டைப்பை நூலும் எண்ணெயில் குழைந்து பசையாகித் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். பூட்டுகளுக்கென்று உலர்ந்த மசகு விற்கிறார்கள். கிராஃபைட் பொடி அல்லது டெஃப்ளான் ஸ்பிரே. சிறிதளவு விட்டு, சாவியைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்து, ஒவ்வொரு தடவையும் துணியில் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை செய்யலாம். அதற்காக டப்பாவைக் கவிழ்க்க வேண்டாம். உருளைக்குப் பின்னால் மின்சுவிட்ச் இருக்கிறது.

இனி உங்கள் மெக்கானிக் சொன்ன முழு செட்டும் கம்ப்யூட்டரும். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்ததை மறைக்கப்போவதில்லை. உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு சிப் இருக்கிறது. பூட்டின் வாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அந்தச் சிப்பின் அடையாளத்தைப் படித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. சாவியின் உலோகப் பல் எந்தத் தகட்டைத் தூக்கியது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே உருளையை மாற்றினால் சிப் மாற வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் மாற வேண்டியதே இல்லை. கதவுப் பூட்டுகளும் அப்படியே கிடக்கட்டும். புது உருளையின் தகடுகளை உங்கள் பழைய சாவி எண்ணுக்கு ஏற்ப அடுக்கித் தர ஒரு நல்ல பூட்டுத் தொழிலாளிக்கு ஒரு மணி நேரம் போதும். அதுவும் கிடைக்காவிட்டால், கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். முழு செட்டை ஏன் பரிந்துரைக்கிறார்கள் என்றால், பாதிக்குப் பாதி சோம்பேறித்தனம், மீதி கமிஷன். தகடுகளைத் தனியே விற்காமல், ஒட்டுமொத்தத் தொகுப்பாக மட்டும் விற்கும் தயாரிப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு.

அதைவிட ஆபத்தான ஆசாமி, 'பூட்டே வேண்டாம், வயரை இழுத்து ஒரு பட்டன் வைத்துவிடுகிறேன்' என்பவர். மின்சாரத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஸ்டியரிங்கைப் பூட்டும் அந்த இரும்பு நாக்கை யார் பார்ப்பது? ஓடும் வண்டியில் அது விழுந்தால் வளைவில் ஸ்டியரிங் திரும்பாது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: உங்களுடையது ஆட்டோமேட்டிக் கியரா? அப்படியானால் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் அநியாயமாகப் பூட்டு மாற்றியவர்கள் அதிகம். இந்த வண்டிகளில் சாவி திரும்பும், வெளியே வர மறுக்கும். கியர் 'பார்க்' நிலைக்கு வந்தால்தான் சாவியைக் கடைசி அடைப்புக்குத் திருப்ப முடியும். அதற்கென்று ஒரு கேபிளோ, மின்சாரத்தில் இயங்கும் சிறு தாழ்ப்பாளோ வைத்திருப்பார்கள். லீவர் 'பார்க்'கில் இருப்பதாக உங்கள் கண்ணுக்குத் தெரியும், ஒரு விரற்கடை குறைவாக நின்றிருக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுபோய், மறுபடி 'பார்க்'கில் அழுத்திச் சேருங்கள். அப்போதும் வராவிட்டால் முகப்பு விளக்கைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் பேட்டரி செத்திருக்கிறது. சில வண்டிகளில் மின்சாரம் இல்லாமல் அந்தத் தாழ்ப்பாள் விலகாது. இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்ததும் சாவி தானாக வெளியே வரும். சில வண்டிகளில் ஸ்டியரிங் தண்டின் உறைக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும், அதில் குச்சியை விட்டு விடுவிக்கலாம், கையேட்டில் தேடுங்கள். தேடிக் கிடைத்தால் அதிர்ஷ்டம். பல கையேடுகள் 'அங்கீகரிக்கப்பட்ட பணிமனையை அணுகவும்' என்பதோடு கடமையை முடித்துக்கொள்கின்றன.

உங்கள் சாவிக்கொத்தில் வீடு, அலுவலகம், அலமாரி எல்லாம் தொங்குகின்றனவா? கார்ச் சாவியைத் தனியே கழற்றுங்கள். அந்தச் சுமை ஆடி ஆடித்தான் உருளை தேய்கிறது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவிக்கொத்தின் பாரத்திலோ ஒரு குலுக்கலிலோ இக்னிஷன் சுவிட்ச் தானாக நழுவி என்ஜின் நின்றது, ஏர்பேக் விரியாமல் போனது. அது பூட்டின் குறை அல்ல, பின்னால் இருக்கும் சுவிட்சின் குறை. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

உருளையே தேய்ந்துவிட்டது என்று முடிவானால் நாளைக் கடத்தாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் சாவியை ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பி, ஒரு துளை வழியே சிறு ஊசியை அழுத்தினால் உருளை கழன்று கையில் வந்துவிடும். சாவி திரும்பினால்தான் இந்த வழி. முற்றிலும் இறுகிவிட்ட பூட்டைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். இருபது நிமிட வேலை அரைநாள் வேலையாகிவிடும். இன்னும் ஐந்தாறு முயற்சியில் திரும்புகிறது என்கிறீர்களே, அதுதான் சரியான தருணம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்தே ஸ்டியரிங் தண்டின் உறையில் கைவைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஏர்பேக் இருக்கிறது.

அதற்குள் ஒருநாள் வண்டி கிளம்பியபின் சாவியை விட்டும் அது பின்னால் துள்ளி வராமல் 'ஸ்டார்ட்' நிலையிலேயே நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினோடு சேர்ந்து கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும். கையால் சாவியைப் பின்னுக்குத் திருப்புங்கள். திரும்பாவிட்டால் பானெட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். அன்று அந்த வண்டியை எடுக்காதீர்கள், பூட்டுத் தொழிலாளியை உங்கள் இடத்துக்கு வரச்சொல்லுங்கள்.