உவமையை அப்படியே வரைந்தால் கேலிச்சித்திரம் மாதிரி ஆகிவிடுகிறது. எப்படி வரைவது?

நீங்கள் ஓவியம் படிக்கும் மாணவர் என்று நினைக்கிறேன். மதிமுகம் என்றதும் நிலாவுக்குக் கண்ணும் மூக்கும் வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எனக்குப் பாம்பன். படகுகளுக்குப் பெயர் எழுதுவதும் சுவரில் படம் வரைவதும் தொழில். எங்கள் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்போம், சீறும் தென்கடலை ஆண்கடல் என்போம். ஒரு பள்ளிச் சுவரில் இதை வரையச் சொன்னார்கள். அலையே கூந்தலாக ஒரு பெண், முறுக்கு மீசையோடு ஓர் ஆண் என்று மூன்று நாள் உழைத்து வரைந்தேன்.

நாற்பது வருஷம் கடலுக்குப் போன என் சித்தப்பா வந்து பார்த்தார். "கடலுக்கு எங்கடா மூஞ்சி இருக்கு? நங்கூரக் கயித்தப் போடு. எந்தக் கடல்னு அதுவே சொல்லும்" என்றார்.

அன்றைக்கே இரண்டு முகத்தையும் அழித்தேன். வடக்கே நிற்கும் வள்ளத்தின் கயிறு தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. தெற்கே கயிறு விறைத்து நின்றது, புரியிலிருந்து நீர் சொட்டியது. இரண்டும் ஒரே தடிமன், ஒரே நிறம். வளைவு மட்டும்தான் வேறு. பள்ளியில் உவமானம், உவமேயம், பொதுத்தன்மை என்று படித்திருப்பீர்களே, அதில் பொதுத்தன்மையை மட்டும் வரையுங்கள். இங்கே அது வடகடலின் அடக்கமும் தென்கடலின் சீற்றமும். அது எந்தப் பொருளில் கண்ணுக்குத் தெரிகிறது என்று தேடுவதுதான் வேலையே.

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடலும்தானே பொங்கும் என்று கடல் தெரிந்தவர்கள் கேட்கலாம். தெரியும். நான் வரைந்தது ஊர் வழக்கை. பெண் என்றால் அடக்கமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. முகங்களை அழித்ததில் எனக்கு அந்த நிம்மதியும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் படம் இருந்தால் அதன் மேல் போஸ்டர் ஒட்டாதீர்கள். கண்ணீர் அஞ்சலியோ காதணி விழாவோ, பக்கத்திலேயே வெறும் சுவர் இருந்தும் என் படத்தின் மேல்தான் ஒட்டுகிறார்கள். உப்புக்காற்றில் பெயிண்ட் நிற்பதே பெரும்பாடு. பசை காய்ந்தபின் பிய்த்தால் வண்ணமும் சேர்ந்தே வருகிறது. தெற்குக் கயிறு இருந்த இடத்தில் இப்போது ஒரு சாண் அகலத்துக்கு வெறும் சிமெண்ட்.