டக்ஸ்ஃபோர்டில் ஸ்பிட்ஃபயர்: புரொப்பெல்லர் ஏன் உறைந்து நிற்கிறது?

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமானக் காட்சியில் நீங்கள் எடுத்த ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர்க்காலப் போர் விமானம்) படத்தில் புரொப்பெல்லர் உறைந்திருக்கிறது, அடிவயிறும் கறுத்திருக்கிறது. ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்ததால்தான் காற்றாடி நின்றுபோன மாதிரி விழுந்திருக்கிறது. அதன் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினாலும், குறைப்பு கியர் வழியாகப் புரொப்பெல்லர் ஆயிரத்துக்கும் கீழேதான் சுழலும். ஷட்டர் மோடில் (வேகத்தை நீங்கள் வைக்க, துளையை கேமரா தேர்ந்துகொள்ளும்) 1/250 வையுங்கள். அதற்குள் பிளேடு 20 பாகைக்கு மேல் நகர்ந்து, சுழல்வது போலவே மங்கலாக விழும். பிளேடுகள் முழு வட்டமாகத் தெரிய 1/60 அல்லது அதற்கும் மெதுவாக வேண்டும், ஆனால் பெரும்பாலும் படம் ஆடிப்போகும். வெயிலில் அந்த வேகத்துக்கு லென்ஸ் துளை எஃப்/22 வரை சுருங்கி சென்சார் தூசியெல்லாம் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். விமானத்தோடு சேர்ந்து இடுப்பிலிருந்து திரும்புங்கள், பட்டனை அழுத்திய பிறகும் நிறுத்தாதீர்கள்.

அடிவயிறு கறுத்தது வேறு கதை. அங்கே பார்வையாளர்கள் ஓடுபாதைக்கு வடக்கே நிற்பதால் வெயில் எதிரே அடிக்கும். வெளிறிய வானத்துக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 கூட்டுங்கள். விமானம் மரங்களுக்குக் கீழே இறங்கியதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். புரொப்பெல்லர் இல்லாத ஜெட்டுக்கு மட்டும் ஷட்டர் வேகம் தாராளமாக 1/1000.